பிள்ளைக்குச் சம்பளம், வாத்தியாருக்கு மணிக்கூலி

சிகாகோ
அக்டோபர் மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹெட்மாஸ்டராகவே ஓய்வுபெற்றவர் என்பதால் கேள்வியையும் வினாத்தாள் பாணியிலேயே கேட்டிருக்கிறீர்கள்: "பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு மாணவனுக்கே சம்பளமும் கொடுப்பது பள்ளியா, சத்திரமா? காரணம் கூறுக." இங்கே பள்ளி மதியம் மூன்று மணியை ஒட்டி விட்டுவிடும். அப்பா, அம்மா வேலையிலிருந்து திரும்ப ஆறு, ஏழு ஆகும். அந்த இடைவெளியை அடைக்க வைத்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஸ்கிரீன் பிரின்டிங் சொல்லிக்கொடுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர். திருப்பூரில் பனியன்மேல் படம் ஏற்றுகிறார்களே, அதேதான். இதற்கு அமெரிக்காவரை போக வேண்டுமா என்று சித்தி கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. உங்கள் கேள்விக்கு உண்டு. பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பதுதான் இந்த ஏற்பாட்டிலேயே உருப்படியான அம்சம் என்பது என் கட்சி.

இந்த வழக்கம் சிகாகோவில் வேரூன்றிய விதமே வேடிக்கையானது. ஊரின் நட்டநடுவில், ஸ்டேட் தெருவை ஒட்டி, 37ஆம் பிளாக் என்று ஒரு மனை. கோபுரம் கோபுரமாகக் கட்டப்போகிறோம் என்று 1989இல் அங்கிருந்த கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதோடு ரியல் எஸ்டேட் சந்தையும் தரைமட்டமாயிற்று. காலி மனையைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல், மேயர் ரிச்சர்ட் டேலியின் மனைவி மேகி டேலியும், மாநகரக் கலாசாரத் துறை ஆணையர் லோயிஸ் வைஸ்பெர்க்கும் 1991 கோடையில் அங்கே கூடாரம் போட்டார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தொழில்முறைக் கலைஞர்களிடம் பயிற்சிக்கு விட்டு, கூலியும் கொடுத்தார்கள். 'கேலரி 37' என்று பெயர். 2000இல் அதே யோசனை 'ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்' என்ற அமைப்பாகப் பள்ளி நாட்களின் மாலைக்கும் வந்தது. (அந்த மனையில் கடைசியாக ஒரு கடைவளாகம் திறந்தபோது வருடம் 2009. கூடாரத்துக்கு ஒரு கோடை, கட்டடத்துக்கு இருபது வருடம்.) நான் இருப்பது அந்த வழியில் நடக்கும் சின்ன அமைப்பு ஒன்றில். அங்கேயும் பிள்ளைகளுக்கு அப்ரென்டிஸ் என்றுதான் பெயர், வாங்குவதற்கு ஸ்டைபெண்ட் என்று பெயர். நீங்கள் இதைக் கேட்டுத் திகைப்பதுதான் எனக்குத் திகைப்பு. ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறைக்குப் போகும் நம் பையன்களுக்கு 1961ஆம் வருடச் சட்டப்படி ஸ்டைபெண்ட் கொடுக்கிறார்கள். அதைச் சத்திரம் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

சரி, ஏன் கொடுக்க வேண்டும்? இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? போதாது என்பதற்குக் காரணம் வகுப்பறைக்கு வெளியே, பர்கர் கடை வாசலில் இருக்கிறது. இந்த நாட்டு மத்தியச் சட்டப்படி 14, 15 வயதுப் பிள்ளைகள் பள்ளி நாளில் மூன்று மணி நேரமும், பள்ளி நடக்கும் வாரத்தில் பதினெட்டு மணி நேரமும் வேலை பார்க்கலாம். பள்ளிக் காலத்தில் மாலை ஏழு மணிக்குமேல் கூடாது. பதினாறு ஆகிவிட்டால் மத்தியச் சட்டத்தில் அந்த மணிக்கணக்கும் இல்லை. ஆக, மாலை நேரம் என்பது இங்கே ஒரு பிள்ளைக்குப் பணமாக மாற்றக்கூடிய சரக்கு. வசதியான வீட்டுப் பிள்ளை அதை வயலின் வகுப்பில் செலவழிப்பான். வாடகைக்குத் திணறும் வீட்டுப் பிள்ளை மேசை துடைப்பான், அல்லது தங்கையைப் பார்த்துக்கொள்வான். இலவச வகுப்பு என்று நாம் பெருமையாக அறிவிக்கும்போது அந்த வீட்டில் கணக்குப் போடுவது வேறு: அங்கே போனால் இங்கே இத்தனை டாலர் போச்சு. இலவசம் இலவசமாக இருப்பது இருப்பவனுக்கு மட்டும்தான். ஸ்டைபெண்ட் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது. காமராஜர் மதிய உணவு போட்டதன் பின்னால் இருந்த கணக்கும் இதுதான் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, சோற்றைக் காட்டிப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்களையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் காசு ஆசையைக் கெடுக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படி ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் உளவியல்காரர்கள் உங்கள் பக்கம் நிற்கிறார்கள். 1971இல் எட்வர்ட் டெசி என்பவர் கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, சிலருக்கு மட்டும் தீர்த்த புதிருக்கு ஒரு டாலர் என்று கொடுத்துப் பார்த்தார். காசு நின்றதும் அவர்கள் ஓய்வு நேரத்தில் கட்டையைத் தொடுவது குறைந்துபோயிற்று. 1973இல் மார்க் லெப்பரும் நண்பர்களும் மழலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். படம் வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட குழந்தைகள் பின்னால் ஸ்கெட்ச் பேனாவைச் சீண்டுவதையே குறைத்துக்கொண்டார்கள். இரண்டும் நல்ல ஆய்வுகள்தான். ஆனால் லெப்பர் எடுத்துக்கொண்டது எந்தக் குழந்தைகள் என்று பாருங்கள்: ஏற்கெனவே தானாக ஆசைப்பட்டு வரைந்துகொண்டிருந்தவர்கள். இருக்கிற ஆசைக்குக் கூலி பேசினால் ஆசை கோபித்துக்கொள்ளும், உண்மை. அச்சடிக்கும் பிரேமையும் அதில் கட்டும் வலைத்துணியையும் கண்ணாலேயே பார்த்திராத பிள்ளையிடம் கெடுப்பதற்கு எந்த ஆசை இருக்கிறது? அது உண்டாக வேண்டுமானால் முதலில் அவன் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். அதோடு, எதற்குக் காசு என்பதில்தான் சூட்சுமமே. ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதார அறிஞர் இதே சிகாகோவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஏ' வாங்கினால் 50 டாலர், 'பி'க்கு 35, 'சி'க்கு 20 என்று ரேட் போட்டார். தேர்வுத் திறன் அசையவில்லை. டாலஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்த புத்தகம் ஒன்றுக்கு 2 டாலர் கொடுத்தபோது, ஆங்கிலத்தில் தேர்வெழுதியவர்களின் வாசிப்புத் திறன் கூடிற்று. மதிப்பெண்ணுக்குக் காசு என்ற இடத்தில் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை இருந்தது, அதை எப்படி வாங்குவது என்பதுதான் தெரியவில்லை. அதிகம் சம்பாதிக்க என்ன செய்வாய் என்று கேட்டால், கேள்வியை நிதானமாகப் படிப்பேன் என்கிற ரகத்தில் பதில் வந்ததாம். டீச்சரிடம் போய்ச் சந்தேகம் கேட்பேன் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆய்வு என் கட்சிக்குப் பெரிய பலம். மார்க்குக்குக் காசு கொடுத்தால் வீண். வருவதற்கும், உட்கார்ந்து செய்வதற்கும் கொடுத்தால் பலிக்க வழியுண்டு, ஏனென்றால் அவை பிள்ளையின் கையில் இருக்கிற காரியங்கள். ஸ்டைபெண்டும் அதற்குத்தான். வராத நாளுக்குக் கிடையாது. வந்தவன் பிகாசோவா இல்லையா என்று யாரும் அளப்பதில்லை.

பிள்ளை கூலிக்கு வருகிறான் என்றானதும் வாத்தியார் என்ற பதவி காலி. மிஞ்சுவது மேஸ்திரி. இது எனக்குக் கவுரவக் குறைச்சலாகப் படவில்லை. வாத்தியாருக்கு இருக்கிற ஆயுதம் எதுவும் இங்கே கிடையாது: பரீட்சை இல்லை, பிரம்பைப் பற்றிப் பேச்சே இல்லை, பெற்றோரை அழைத்து வா என்றால் பெற்றோர் ஷிப்டில் இருப்பார்கள். அதற்குப் பதிலாகச் சரக்கே தீர்ப்புச் சொல்லிவிடும். ரப்பர் கட்டையைச் சாய்வாகப் பிடித்து ஒரே அழுத்தத்தில் மையை இழுக்க வேண்டும். நடுவில் கை தயங்கினால் அந்த இடத்தில் மை தேங்கி எழுத்தின் விளிம்பு ஊதிப்போகும். இரண்டாவது நிறத்தின் பிரேம் மயிரிழை நகர்ந்து உட்கார்ந்தால் சட்டையில் அச்சிடும் புலியின் கண் காதருகே போய்விடும். இதைத் தப்பு என்று சொல்ல நான் வாயைத் திறக்கவே வேண்டாம், சட்டையை விரித்துப் பிடித்தால் போதும். கூலி என்ற வார்த்தை இங்கேதான் இன்னொரு வேலையும் செய்கிறது. விற்கப்போகிற சட்டை, அதற்குக் காசு வாங்கியிருக்கிறோம் என்றால் புலிக்கு இரண்டு கண்ணும் முகத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் பிள்ளைகளுக்கே ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. வீட்டுப்பாட நோட்டில் அந்தப் பிடிவாதத்தை எதிர்பார்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

இத்தனையும் சரி, பலன் என்ன என்பீர்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹிர்ஷ் குழு ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ் திட்டத்தையே குலுக்கல் முறையில் சோதித்து 2011இல் அறிக்கை கொடுத்தது. வேலைக்கான திறமையில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை, படிப்பிலும் பெரிதாக இல்லை. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும், வம்பு தும்புக்குப் போகாமல் இருப்பதிலும் நல்ல மாற்றம். எதிர்த்தரப்புக்கு இது வெற்றி மாதிரித் தெரியும். ஆனால் ஒப்பிடுவதற்காக வெளியே நிறுத்திய பிள்ளைகளில் பலரும் சும்மா இருக்கவில்லை, வேறு வகுப்போ வேலையோ தேடிக்கொண்டார்கள். அதனால் வித்தியாசம் சுருங்கியே தெரியும். அப்படியிருந்தும் வம்பு குறைந்தது என்றால், இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. பள்ளி நாட்களில் சிறார் வன்முறை உச்சத்தைத் தொடுவது பள்ளி விட்ட உடனே வரும் நேரத்தில்தான் என்று அரசாங்கப் புள்ளிவிவரமே சொல்கிறது. அரசியல்வாதிகள் பணம் ஒதுக்குவதும் பாதி அந்தப் பயத்தில்தான். கலிபோர்னியாவில் டெர்மினேட்டர் அர்னால்ட், ஆளுநர் ஆவதற்கு முந்தைய வருடமே, 2002இல், பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகளுக்கென்று ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஜெயித்தார். அடியாட்களைத் துவம்சம் செய்தவர் கைவேலை வகுப்புக்குப் பணம் கேட்டார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். எனக்குப் பிடிக்காதது, பயத்துக்காக வருகிற பணம் காவலுக்குத்தான் கணக்குக் கேட்கும் என்பது. எத்தனை தலை, எத்தனை மணி, எத்தனை சாப்பாடு. மத்திய அரசுச் சாப்பாட்டுத் திட்டத்தில் பால், புரதம், காய், பழம், தானியம் என்று ஐந்து வகை உண்டு, தட்டைக் கையில் கொடுக்கும்போதே எண்ணிக் குறிக்க வேண்டும். புலியின் கண் சரியாக உட்கார்ந்ததைக் குறிக்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

கடைசியாக என் சொந்த வழக்கு. வருவதற்கும் செய்வதற்கும் காசு கொடுப்பதுதான் முறை என்று இத்தனை பக்கம் வாதாடினேன். அதே நியாயம் பயிற்றுநருக்கு வரும்போது வழுக்கிவிடுகிறது. இந்தத் தொழிலில் பொதுவாக வகுப்பு நடக்கும் நேரத்துக்குத்தான் மணிக்கூலி. வலைத்துணி இழுத்துக் கட்டுவது, மை கலப்பது, எல்லாரும் போனபின் பிரேம் கழுவுவது எல்லாம் தர்மக்கணக்கு. பகுதிநேரம் என்பதால் மருத்துவக் காப்பீடும் அபூர்வம். கலைஞர்கள் ஆசைக்காகச் செய்கிறார்கள், காசு கொடுத்து அந்த ஆசையைக் கெடுப்பானேன் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன போலிருக்கிறது. டெசியின் ஆய்வை இவ்வளவு ஊன்றிப் படித்தவர்கள் அவர்கள்தான். ஆகவே, கும்பாபிஷேக நன்கொடைக்கு என் பெயரில் பெரிய தொகை எழுதிவிட வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லவும். பிள்ளைகளிடம் வசூல் செய்தால் என்னைவிட அதிகம் தேறும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மகன் முறை மேஸ்திரி