வெட்டாத கத்திக்கு வெல்வெட்டு மெத்தை

ஏலே பேராண்டி, அந்தப் பெட்டிய இங்கன கொண்டா. பயப்படாத, தொடமாட்டேன். கண்ணால பாக்கதுக்குக் காசு கிடையாதுல்லா?

அடேயப்பா! ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் குழி பறிச்சு, வெல்வெட்டு மெத்தை விரிச்சுல்லா படுக்க வச்சிருக்க! உங்க பாட்டி ஒரு நாளாவது என்னைய இப்படிப் படுக்க வச்சிருப்பாளா? சரி, இதுல எதையாவது வச்சு எதையாவது வெட்டியிருக்கியால? கூரியர்ல வந்த அட்டைப்பெட்டிய வெட்டினியா? அது இன்னொரு கத்தி வந்த பெட்டிதான? வெளங்கிரும்.

அந்த மரப்பிடிக்காரன எடு. ஓபினெல்லு. பிரான்சுல சவுவா மலைநாட்டுல 1890-ல ஜோசப் ஓபினெல்னு 18 வயசுப் பய செஞ்சதுன்னு நீதான சொன்ன? அப்பன் பட்டறையில கோடாலி, அரிவாள்னு அடிச்ச குடும்பம். பய கூட்டாளிகளுக்குன்னு மடக்குக்கத்தி அடிக்க ஆரம்பிச்சு, 1897-ல 1-ல இருந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு அளவு வாரியா வித்தான். வாங்கினவன் ரொட்டியும் பால்கட்டியும் அறுத்துத் தின்னுட்டு, கால்சட்டையில துடைச்சு மடக்கிப் பையில போட்டுட்டுப் போனான். வெல்வெட்டுக்கு அவன் எங்க போவான்?

பீச் மரப்பிடி நனைஞ்சா ஊதிக்கிடும், அலகு வெளிய வரமாட்டேன்னு அடம்பிடிக்கும். அதுக்கு அந்த ஊர்க்காரன் என்ன செய்வான் தெரியுமா? பிடியோட அடியக் கொண்டுபோய் மேசையில ‘ணங்’குன்னு ஒரு தட்டு. அலகு மூக்க நீட்டும், நகத்தால இழுத்துக்கிடுவான். நீ என்னடான்னா வீடியோ பாத்துப் பாத்து எண்ணெயில ஊறவச்சுக்கிட்டுக் கெடக்க. கழுத்து வளையத்தத் திருகினா அலகு பூட்டிக்கிடுது பாரு, அதுவே 1955-லதான் வந்திருக்கு. அதுக்கு முன்ன 65 வருசம் விரல் தப்பினது அவனவன் சூதானத்துலதான்.

துருப்பிடிக்குன்னு அழுத. ஒரு கிளிமூக்கு மாங்காயக் கொண்டாந்து அறுத்துப் பாரு. புளிப்புப் பட்ட இடம் முதல்ல மயில்கழுத்து நீலம் பாயும், பொறவு கருக்கும். அந்தக் கருப்பு படிஞ்சிட்டா செந்துரு லேசுல அண்டாது. துடைச்சு வச்சா போதும்.

இந்தச் செவப்புக் கத்தி சுவிட்சர்லாந்துக்காரன் கார்ல் எல்செனரோடதுல்லா? 1884-ல இபாக்குல பட்டறை போட்டவன். நம்ம பட்டாளத்துக்கு செருமன்காரனா கத்தி செய்யன்னு ரோசப்பட்டு, 1891-ல இவனே செஞ்சு குடுத்தான். துப்பாக்கியக் கழட்ட ஒரு திருப்புளி, தகரடப்பா தொறக்க ஒரு நாக்கு. 1897-ல ஆபீசர் கத்தின்னு ஒண்ணு வருது, அதுல தக்கை புடுங்கி! சிப்பாய்க்குத் திருப்புளி, ஆபீசருக்குப் பாட்டிலு. எந்த ஊர்லயும் நடப்பு ஒண்ணுதாம்ல. ஆனாலும் அவன் நல்ல பிள்ளை, ஆத்தா விக்டோரியா பேரக் கம்பெனிக்கு வச்சான். நீ உயிரோட இருக்க ஆத்தாகிட்ட விலைய மறைச்சு, ‘ஆஃபர்ல வந்துச்சும்மா’ங்க.

கூட எடுத்துட்டுப் போனா போலீசு புடிக்குமான்னு ஒரு கேள்வி வேற. நம்ம ஆயுத விதியில 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தாத்தான் கத்தி ஆயுதக் கணக்குல வரும். அதுலயும் வீட்டு வேலை, விவசாய வேலைக்குச் செஞ்சதுக்கு விலக்கு உண்டு. உன் 8-ஆம் நம்பர் ஓபினெல்லு அலகு எட்டரை சென்டிமீட்டர். அதுக்காக பஸ் ஸ்டாண்டுல விரிச்சுக் காட்டி வீரம் பேசாத, ஏட்டையா ஸ்கேல் வச்சா அளப்பாரு? விமானத்துல கைப்பையில வச்சாலும் போச்சு, புடுங்கிருவான்.

என் மடியில கெடக்க கத்தியப் பாரு. சாணை புடிச்சுப் புடிச்சு அலகு பாதி தேஞ்சுட்டு. வெத்தலைக் காம்பு, உரச்சாக்குச் சணலு, மோட்டார் வயரு, வேப்பங்குச்சி எல்லாம் இதுதான். கன்னுக்குட்டி கழுத்துல இறுகின கயித்த அறுத்ததும் இதுதான். தீட்டணும்னா கல்லுல தண்ணி தெளிச்சு, முதுக லேசாத் தூக்கி, ஒரு பக்கம் எத்தனை இழுப்போ மறுபக்கமும் அத்தனை. கூரு வந்திட்டான்னு பாக்கக் கட்டைவிரலக் குறுக்க வருடணும், நெடுக ஓட்டினா ஆஸ்பத்திரிதான்.

ஆனா ஒண்ணு, இதுக்கும் வயசாயிட்டு. அதனால அந்த 8-ஆம் நம்பர நான் கொஞ்ச நாள் வச்சு, மாங்காய அறுத்துக் கருக்க வச்சு, பழக்கித் தாரேன். முழிக்காத. கையில குடுக்காதல, கத்திய கைக்குக் கை மாத்தினா சண்டை வரும்பா உங்க பாட்டி. தரையில வை, எடுத்துக்கிடுதேன். பிரான்சுலயும் கத்தியச் சும்மா குடுத்தா உறவு அறுந்துரும்னு ஒத்தக் காசாவது வாங்கிக்கிடுவாங்கன்னு நீதான சொன்ன? இந்தா, ஒரு ரூவா. யாவாரம் முடிஞ்சிட்டு.

குழி காலியாத் தெரியுதேன்னு பாக்காத, என் பழைய கத்திய அதுல படுக்க வையி. அதுவும் ஒரு நாளு மெத்தையக் கண்டுக்கிடட்டும். கேக்கவங்ககிட்ட ‘ஆன்டிக்கு’ன்னு சொல்லிக்கோ, விலைய மட்டும் உங்க ஆத்தாகிட்ட சொல்லிராத.