சமையலறைத் தீவும் தரையின் மறுபிறப்பும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புது வீட்டு பிளானை விரித்தால், சமையலறை நடுவே எந்தச் சுவரையும் தொடாமல் ஒரு நீள்சதுரம் தெரிய வாய்ப்புண்டு. இன்டீரியர்காரர்கள் அதை ஐலேண்ட் என்பார்கள். பெரியவர்கள் அதை அமெரிக்கச் சரக்கு என்று முகம் சுளிப்பார்கள். இக்கட்டுரையின் துணிபு வேறு: ஐலேண்ட் என்பது நம் பழைய அடுக்களைத் தரையே, முட்டி மடங்காத தலைமுறைக்காக மூன்றடி உயர்ந்து வந்திருக்கிறது. சான்றுக்கு ஊறுகாய் மாங்காயை எடுத்துக்கொள்வோம். அரிவாள்மணையில் வெட்டுகிறவர் ஒருவர், கொட்டை எடுக்கிறவர் ஒருவர், துணியால் துடைக்கிறவர் ஒருவர், வம்பு பேச மட்டும் வந்தவர் ஒருவர். நால்வரும் நான்கு திசையில், நடுவில் வேலை. இந்த அமைப்பைக் கலைத்ததுதான் மேல்நாட்டுச் சரக்கு. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ஒற்றைப் பெண் சுவரைப் பார்த்து நின்று, வீண் நடையின்றி வேலையை முடிக்க வேண்டும் என்பதே கணக்கு. கேஸ் அடுப்பும் மேடையும் வந்தபோது நாமும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம். நடை மிச்சமானது, பேச்சுத்துணை போனது.

இத்துணிபை ஏற்றால், ஐலேண்டில் எதை வைக்கலாம் என்பது தானே விளங்கும். பலர் கூடிச் செய்யும் வேலை நடுவுக்கு, ஒற்றையாள் வேலை சுவருக்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவே இதற்குச் சாட்சி. பாலும் சர்க்கரையும் அடிப்பிடிக்காமல் சுண்டும்வரை, கிண்டுகிறவர் சட்டியைவிட்டு நகர முடியாது. பக்கத்தில் கூட்டமும் ஆகாது. ஆகவே அடுப்பு சுவரோரமே இருக்கட்டும். நடுவில் வைத்தால் சிம்னிக் குழாய் கூரையோடு ஓட வேண்டும், தாளிக்கும் கடுகு எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் தெறிக்கும். காய் நறுக்க, மாவு பிசைய, கிரைண்டர் வைக்க ஐலேண்ட் போதும். கிரைண்டருக்கான பிளக் பாயின்டைத் தரை போடும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இடமில்லையே என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்புதான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான்கு ரத வீதியும் இடம் விட்டால்தான் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் நிலைக்குத் திரும்ப முடியும். அமெரிக்க அளவுக் கணக்குப்படி ஒருவர் சமைக்கும் இடத்தில் நடைவழி 42 அங்குலம், இருவரானால் 48. இருபுறச் சுவரிலும் இரண்டடி மேடை, நடுவில் இரண்டடி ஐலேண்ட், இருபக்கமும் 42 அங்குலம் என்று கூட்டினால் அகலம் மட்டுமே 13 அடி. எட்டுக்குப் பத்து அறையில் இதைத் திணித்தால் பிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும். அங்கே பிரேக் உள்ள சக்கரங்களில் நிற்கும் மேசையே ஐலேண்ட். வேலை முடிந்ததும் ஓரத்தில் தள்ளிவிடலாம். பழைய தரையிலும் வேலை முடிந்தால் அரிவாள்மணை சுவரில் சாய்ந்துவிடும்.

மேல்கல்லுக்குக் கருப்பு கிரானைட்டே உத்தமம். வெள்ளை மார்பிளில் புளியும் எலுமிச்சையும் அரித்த தடமும் மஞ்சள் கறையும் கிரகப்பிரவேச மொய்நோட்டைவிட நீண்டகாலம் நிலைக்கும். முனைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் என்பதற்காக இடுப்பை இடித்துக்கொள்ள வேண்டியதில்லை. உயரம் 34 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். ராஜபாளையம் நாயின் தோளே இரண்டடியைத் தாண்டும். கழுத்தை நீட்டினால் பால்கோவா தட்டு அதன் அதிகார எல்லைக்குள் வந்துவிடும்.

நடுவிடம் பிரம்மஸ்தானம், பாரம் ஏற்றலாகாது என்பது வாஸ்துக்காரர் மறுப்பு. அது முழு வீட்டின் நடுவுக்குச் சொன்னது. அறைக்கு அறை பார்த்தால் கட்டிலைச் சுவரில் ஆணியடித்துத்தான் மாட்ட வேண்டும். நம் துணிபை உண்மையில் அசைக்கும் மறுப்பு வேறொன்று: தரையில் யாரும் கல்யாணப் பத்திரிகையை வைக்க மாட்டார்கள், ஐலேண்டில் வைப்பார்கள். அதன்மேல் கரண்டு பில், அதன்மேல் வண்டிச் சாவி, அதன்மேல் ஹெல்மெட். இதற்கென்றே கீழே ஓர் இழுப்பறை ஒதுக்குங்கள். அதுவும் ஹெல்மெட் நுழையாத ஆழத்தில்.