மீச்சிறுபொழுது: வைத்திக்குப்பத்துப் பெற்றோர்க்கான வீடியோ கேம் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

சிறுபொழுதை மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என ஆறாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம் வழங்கிய இலக்கண மரபு, பள்ளிக்குச் செல்லும் பிள்ளை உள்ள வீட்டைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது வெளிப்படை. நெய்தலுக்குரிய எற்பாடு விடியலா மாலையா என்று புலவர்கள் நெடுங்காலம் வழக்காடியுள்ளனர். புதுச்சேரியின் நெய்தல் நிலமாகிய வைத்திக்குப்பத்தில் விடியலில் படகு கரையேறுவதாலும் மாலையில் வீட்டுப்பாடம் தொடங்குவதாலும் பெற்றோர்க்கு இரண்டு பொழுதிலும் ஓய்வில்லாமையின், அவ்வழக்கு இங்குத் தள்ளுபடியாகிறது. எஞ்சிய இடைவெளிகள் மீச்சிறுபொழுது எனப்படும்; அவை நால்வகைப்படும்.

முதலாவது விசில்பொழுது: குக்கரின் மூன்றாம் விசில் வரையிலான இதற்கு, 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் போதும்.

இரண்டாவது பேருந்துப்பொழுது: 1997இல் நோக்கியா 6110 கைப்பேசியில் பாம்பு விளையாட்டு வந்ததோடு இத்துறையில் ஆராய்ச்சி நிறைவுற்றது.

மூன்றாவது தடைக்காலப்பொழுது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமையின், அவற்றில் தொழில் செய்யும் தந்தைக்கு நெடும்பொழுது வாய்த்து, அவர் இவ்வாய்வின் எல்லையைக் கடந்துவிடுகிறார்; கிழிந்த வலை அவரை மீண்டும் எல்லைக்குள் இழுத்துவருகிறது.

நான்காவதும் தலையாயதும் ஆச்சுப்பொழுது. குழந்தை கழிப்பறைக்குள் நுழைவதற்கும் "அம்மா, ஆச்சு" என்று குரல் கொடுப்பதற்கும் இடைப்பட்ட காலம் இப்பெயர் பெறும். இதன் நீளம் முன்கூட்டி அறிய இயலாதது. முடிவோ ஒத்திவைக்க இயலாதது. கதவு சாத்திய கணத்தில் இது தொடங்கும் என்பர் நிலைப்படி மரபினர். கைப்பேசி கைக்கு வந்த கணத்தில் தொடங்கும் என்பர் சோபா மரபினர். அப்படி ஒரு பொழுதே இல்லை, அது துணி மடிக்கும் நேரம் என்பர் மாமியார் மரபினர். இவ்வுரைக்கு நாத்தனார் தரப்பில் எழுந்த மறுப்புரையும், மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளைத் தரிசித்தபடியே உறவினர் அம்மறுப்புக்கு வழங்கிய சமாதான உரையும், அச்சமாதானத்தால் விளைந்த பிணக்குரையும் மேளச் சத்தத்தில் கேட்டு எழுதப்பட்டமையின் பாடபேதம் மிகுந்துள்ளன. இவற்றையெல்லாம் ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் அறிஞர் எவரும் ஒரு குழந்தைக்கேனும் கால் கழுவிவிட்டதாகச் சான்று கிடைத்திலது.

விளையாட்டுகளை ஆச்சுப்பொழுதில் வைத்துச் சோதிக்கும்போது, ஆட்டத்தின் நீளம் அளவுகோல் ஆகாமை புலப்படும். 2016இல் வெளிவந்த கிளாஷ் ராயல் ஆட்டம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஆயினும், எதிரில் ஆடுபவர் உயிருள்ள மனிதர் ஆதலின் இடையில் நிறுத்த இயலாது. பிஜிஎம்ஐ விளையாட்டில் நூறு பேர் ஒரே களத்தில் இறங்குவர். ஏனைய தொண்ணூற்றொன்பது பேரிடமும் பிள்ளையின் நிலையை விளக்கி ஒத்திவைப்புக் கோருவதற்கு அதில் பொத்தான் இல்லை. கேண்டி கிரஷ் ஐந்து உயிர்களைத் தந்து, இழந்த உயிர் ஒன்று திரும்ப அரை மணி நேரம் காக்க வைக்கிறது. காத்திருக்கப் பெற்றோர்க்கு வேறு இடங்கள் உண்டு. கணினியில் ஆடும் ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் கால் மணி நேரத்துக்குள் முடிந்தாலும், ஆட்டத்துக்குள் இருப்பவர் உறங்கினால்தான் அன்றைய உழைப்பு சேமிக்கப்படும். உறக்கத்தை நிபந்தனையாக்கிய விளையாட்டு பெற்றோருக்குரியது அன்று. நாளுக்கு ஒரு சொல், ஆறு முயற்சி, கடிகாரம் இல்லை என்று அமைந்த வேர்டில் விளையாட்டோ, பாதியில் விட்டாலும் நள்ளிரவு வரை கோபித்துக்கொள்வதில்லை.

ஆகவே மீச்சிறுபொழுதுக்கு உகந்தது, எந்தக் கணத்திலும் தண்டனையின்றிக் கீழே வைக்கத்தக்க விளையாட்டே என்பது முடிபு. இதே அளவுகோலை ஆய்வுலகுக்கும் நீட்டி, கருத்தரங்கில் கட்டுரை வாசிப்போர் பக்கத்து அறையிலிருந்து "ஆச்சு" என்ற குரல் எழுந்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திச் செல்ல வேண்டும் என விதித்தால், திரும்பி வந்து தொடரும்படி எத்தனை பேரை அவை வேண்டிக்கொள்ளும் என்பது தனி ஆய்வுக்கு உரியது. அதற்கு நிதியுதவி கோரப்பட்டுள்ளது.