ஒன்றேகால் மணித்தியாலம்தானே!

போன கிழமை சென்னையிலிருந்து மச்சாள் போனில் சொன்னது இன்னும் காதுக்குள் எரிகிறது. "கூப்பிடு தூரம்தானே அத்தான். ஒன்றேகால் மணித்தியாலம். காலமை வந்து சாப்பிட்டுட்டுப் பின்னேரம் போகலாமே."

கணக்குச் சரிதான். கட்டுநாயக்கவில் எழும்பி மீனம்பாக்கத்தில் இறங்க ஏறக்குறைய 650 கிலோமீற்றர். ஒன்றேகால் மணித்தியாலம் போதும். ஆனால் நான் கட்டுநாயக்க ஓடுபாதையில் பாய் விரித்துப் படுத்திருக்கவில்லையே. களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையிலல்லவா இருக்கிறேன்!

 எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று பார்ப்போம்.

விமானம் காலை 9 மணிக்கு. 3 மணித்தியாலம் முந்தி நிற்கவேண்டும், ஆக 6. வீட்டிலிருந்து 40 கிலோமீற்றர் மட்டில். ஒன்றரை மணித்தியாலம் வைத்தால் நாலரை. வேறு வீடுகளில் கதை இதோடு முடியும். எங்கள் வீட்டில் ஏலம் இப்போதுதான் தொடங்கும்.

"பேஸ்லைன் றோட்டை நம்பேலாது அண்ணை, 4 மணிக்கு வாறன்" என்கிறார் வான்காரத் தம்பி. அம்மா வான்காரத் தம்பியை நம்பமாட்டா. "அவன் நாலெண்டால் நாலரைக்குத்தான் வருவான், மூண்டெண்டு சொல்லு." பயணத்தில் எந்தப் பங்குமில்லாத வெள்ளவத்தைப் பெரியம்மா போன் எடுக்கிறா: யாரோ ஒருவருடைய மருமகன் அண்மையில் பிளேனை விட்டுவிட்டாராம். இரண்டரை. லண்டன் மாமா வட்சப்பில்: கியூ நீளமாம். 2. கொட்டாஞ்சேனைச் சித்தப்பா, "ஒரு மணிக்கே வெளிக்கிட்டு, இங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்கிறார்.

2013இல் அதிவேகப் பாதை திறந்துவிட்டதே, பேலியகொடையில் ஏறினால் ஒரே ஓட்டம்தானே என்று முனகிப் பார்த்தேன். "அதில டயர் வெடிச்சால் ஒதுங்க ஒரு கடையும் இல்லை" என்றா அம்மா. அதற்கு மறுமொழி ஏது?

ஒரு மணிக்கு வெளிக்கிடுவதென்றால் படுப்பதே வீண். ஆகவே பதினொன்றரைக்கே சப்பாத்தும் போட்டுக்கொண்டு செற்றியில் இருந்தாயிற்று. பன்னிரண்டரைக்கு ஹோர்ன் சத்தம். வான்காரத் தம்பிக்கும் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாபோலும்! நடுச்சாமத்தில் றோட்டில் ஈ காக்கை இல்லை. தேத்தண்ணியும் குடித்து 2 மணிக்குப் போய் இறங்கினால், கவுண்டரில் ஆளே இல்லை. "நேரத்தோட வந்தால் என்ன, இருக்கக் கதிரை கிடைச்சுதுதானே?" என்று போனில் அம்மா.

எரிச்சல் என்னவென்றால், ரத்மலானை விமான நிலையம் எங்களுக்கு ஐந்தாறு கிலோமீற்றர்தான். எயார் சிலோனின் முதல் விமானம், 'சீதாதேவி' என்ற டகோட்டா, 1947 டிசம்பர் 10இல் அங்கிருந்துதான் காங்கேசன்துறையில் இறங்கி மதராசுக்குப் போனது. இன்றைய ஜெட்டின் பாதி வேகமும் அதற்கில்லை. இருந்தும் அந்தக் காலத்துக் களுபோவிலக்காரர் வீட்டிலேயே இடியப்பம் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வெளிக்கிட்டு, என்னைவிட முந்தி மதராசில் கோப்பி குடித்திருப்பார். அவருக்கு வெள்ளவத்தையில் ஒரு பெரியம்மா இல்லாதிருந்தால்.