லெட்டர் எங்கே?

காய்ச்சல் வருவதாக இருந்தால் முந்தின நாளே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பது வைஸ் பிரின்சிபால் மேடத்தின் கட்சி. எந்த ஊர் மெட்ரிக் பள்ளி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரிலும் இருக்கிறார். பள்ளி டைரியின் முதல் சில பக்கங்கள் அவர் கைவண்ணம்தான். இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன், கொலுசு கூடாது, மருதாணி கூடாது, இதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். உயிர் இருப்பது லீவ் லெட்டரில்.

லெட்டர் என்றால் ஏதோ ஒரு தாள் என்று எண்ணிவிடக் கூடாது. நோட்டிலிருந்து கிழித்தது ஆகாது. கிழிந்த ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஏ4 தாள், இடப்பக்கம் மார்ஜின், நீல மை. 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி, 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று போக வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் ஒரே நோய் அது. வயிற்றுப்போக்குக்கு இங்கிலீஷில் ஸ்பெல்லிங் வராததால் அதுவும் ஃபீவர்தான். துணிந்து தமிழில் 'பேதி' என்று எழுதிக்கொண்டு வந்த ஒரு தகப்பனாரின் லெட்டரை மேடம் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

அடுத்தது கையெழுத்துப் பரிசோதனை. ஜூன் மாதம் டைரியில் போட்ட மாதிரிக் கையெழுத்தையும் லெட்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார். வங்கியில் என் செக் பாஸாகிவிடுகிறது. மேடத்திடம் ஆவதில்லை. "இந்தச் சுழி அங்க இல்லையே சார்?"

சாவு லீவுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்.

"பாட்டி தவறிட்டாங்க மேடம்."

"ஆடி மாசம் ஒரு பாட்டி தவறினாங்களே?"

"அது அம்மாவோட அம்மா. இது அப்பாவோட அம்மா."

மேடம் பேரேட்டைப் புரட்டுகிறார், குறித்துக்கொள்கிறார். "சரி. இனிமே பாட்டி கிடையாது."

பையனும் தலையாட்டுகிறான். சின்னப் பாட்டி, பெரியம்மாப் பாட்டி எல்லாம் இருக்கிறார்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை.

நம் பள்ளி மெட்ரிக்தான், ஆனால் சிபிஎஸ்இகூடப் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகைதான் கேட்கிறது. கடும் நோய் போன்ற காரணங்களுக்கு அதிலும் தளர்வு உண்டு. இதை மேடத்திடம் சொன்னால், "அது மினிமம் சார்" என்று முடித்துவிடுவார். அவருக்கு வேண்டியது நூற்றுக்கு நூறு. ஆண்டு விழாவில் அதற்கென்றே பரிசு, ஒரு எவர்சில்வர் டப்பா. அந்த டப்பாவுக்காக ஒரு பையன் மெட்ராஸ் ஐயோடு வந்தான். அடுத்த வாரம் பாதி வகுப்புக்குக் கண் சிவந்தது. அதற்கடுத்த வாரம் மேடமும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்டில் நின்றார், கையில் லெட்டர் வாங்கும் ஃபைலோடு. அவர் லீவ் போட்டு யாரும் பார்த்ததில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். காலாண்டு விடுமுறை முடிந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் போனை எடுக்கவில்லை. மேடமே ஆட்டோ பிடித்துப் போனார். திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினாரோ தெரியாது, திங்கட்கிழமை அந்தப் பெண் வந்துவிட்டாள். லெட்டரோடு.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. லெட்டர் சரியில்லை என்றால் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். ஏழாவது படிக்கும் என் மகள் காய்ச்சல் விட்டுப் போன அன்று அப்படித்தான் நின்றாள். லெட்டர் இருந்தது, மார்ஜின் இருந்தது, நீல மையும் இருந்தது. நான் வெளியூரில் இருந்ததால் அவள் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாள். "ஃபாதர் சைன் எங்க?" அவ்வளவுதான். இரண்டு பீரியட். உள்ளே கணக்கு நடக்கிறது, வெளியே இவள் சுவரில் சாய்ந்துகொண்டு, தெம்பில்லாமல். வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு அவள் 'பிரசன்ட்'. பிள்ளை பாடத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை விதியும்? ஒரு நாள் பாடம் போனதற்குத் தண்டனையாக இன்னும் இரண்டு பீரியட் பாடத்தைப் பிடுங்குவது என்ன நியாயம்? கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது, மனத்தளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. முன்பாதியை மேடம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். பிரம்பு பீரோவுக்குள் போய்விட்டது. பின்பாதி டைரியில் அச்சாகவில்லை போலும்.

அந்த இரண்டு பீரியடுக்கான ஃபீஸைத் திருப்பித் தரும்படி ஆபீஸுக்கு ஒரு லெட்டர் எழுதி வைத்திருக்கிறேன். நாமிருவரும் சேர்ந்து கொடுத்தால் கனமாக இருக்குமே என்று மனைவியிடம் நீட்டினேன்.

"என் கையெழுத்துதான் அங்க செல்லாதே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.