ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா

எழுபதுகளில் கும்பகோணத்தில் எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்தால் சாவைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்; ஆனால் சாவு என்று வாயால் சொல்லிவிடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்த ஏஜென்ட் மாமா அதில் கைதேர்ந்தவர். ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு, “வாத்தியாரய்யாவைச் சொல்லலே, பொதுவாச் சொல்றேன். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா...” என்று இழுப்பார். உள்ளே கட்டிலில் கிடக்கும் பாட்டி, “வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில நல்ல வார்த்தை வராதா?” என்பாள். உடனே மாமா தடம் மாறுவார்: “பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்னு சொல்ல வந்தேம்மா.”

இப்படியாக, ஆயுள் காப்பீடு எங்கள் தெருவில் கல்யாணச் சேமிப்பாக விலைபோனது. அப்பா 1974-ல் 10,000 ரூபாய்க்கு 20 வருஷ எண்டோமென்ட் எடுத்தார். கம்பெனிகளையெல்லாம் 1956-லேயே அரசு ஒன்றாக்கிவிட்டதால் எதில் சேர்வது என்ற குழப்பம் இல்லை. காலண்டர் வேண்டுமா, டைரி வேண்டுமா என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். 1994-ல் போனஸோடு பணம் வந்தது. அதற்குள் அக்காவின் கல்யாணம் கடனில் நடந்து முடிந்திருந்தது. வந்த பணம் வட்டிக்காரர் வீட்டுக்குப் போனது.

பக்கவாதத்தில் விழுந்த பாட்டிக்குப் பாலிசி எதுவும் கிடையாது. அவளுக்கு இருந்தது அத்தை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி அலசுவது, ராத்திரியில் முனகினால் எழுந்து உட்கார்வது எல்லாம் அவள்தான். சம்பளம் மூன்று வேளைச் சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு நூல்புடவையும். “எங்க வீட்ல பெரியவங்களை ராஜா மாதிரி வச்சுப் பாத்துக்கறோம்” என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். அந்தப் பன்மையில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது காலம் முன்னேறிவிட்டது. டேப்லெட்டோடு வரும் பையன் சாவைச் சொல்லக் கூசுவதே இல்லை. “டெத் பெனிஃபிட் ஒரு கோடி சார்” என்கிறான், ஏதோ போனஸ் போல. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று அடுக்கினான். கடனும் படிக்கிற பிள்ளைகளும் உள்ள வயதில் டெர்ம் இன்ஷூரன்ஸைவிடச் சிக்கனமான காவல் இல்லை. என் மகனுக்கு அதைத்தான் எடுக்கச் சொன்னேன். எனக்கோ கடன் தீர்ந்துவிட்டது, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சாகாமல் கிடந்தால்தான் செலவு.

“படுத்துட்டா என்னப்பா?” என்றேன்.

“கிரிட்டிக்கல் இல்னஸ் ரைடர் இருக்கு சார்.” பட்டியலைக் காட்டினான். புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகம் என்று நீண்டது. வயசாவது அதில் இல்லை.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது இதைப் படித்தாயிற்று. ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு பணம் கொடுத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான செலவு: 24 மணி நேர அட்டெண்டர், டயாபர், வாடகைக் கட்டில், தண்ணீர்ப் படுக்கை. அட்டெண்டருக்கே மாதம் 30,000 ரூபாயை நெருங்கியது. இதில் எதுவும் பாலிசிக்குள் வராது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் தரும் 5 லட்சமும் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் இந்தப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு கொண்டுவந்துவிட்டன. நம்மிடம் அப்படி ஏன் இல்லை என்று கேட்டால், நம் பண்பாட்டில் குடும்பம் இருக்கிறது என்பார்கள். குடும்பம் என்றால் அத்தை.

அதனால் நானே காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சத் தொகை 30 லட்சம். 8.2 சதவீத வட்டிக்கு மாதக் கணக்கில் 20,500 ரூபாய். அத்தனையும் போட்டாலும் இன்றைய அட்டெண்டருக்கே பத்தாது. நான் படுக்கும் காலத்து விலைவாசி வேறு இருக்கிறது. ராத்திரிக்கு ஆள் வேண்டாம், பகலுக்கு மட்டும் போதும் என்று வெட்டிப் பார்த்தேன். கணக்கு நேரானது. பெருமையோடு மனைவியிடம் நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். “பகலுக்கு ஆள் போட்டிருக்கீங்க, சரி. ராத்திரிக்கு?”

நான் பதில் தேடுவதற்குள் பேனாவை வாங்கி, செலவுப் பக்கத்தில் தன் பெயரை எழுதி, எதிரே 15,000 என்று போட்டாள்.

“ஒண்ணாந்தேதியே வந்துடணும். தீபாவளிக்குப் பட்டுப்புடவை தனி.”