நேரம் பின்னர் அறிவிக்கப்படும்

சியாட்டிலைச் சுற்றி எந்த ஊரில் வீடு பிடித்தாலும் தெருவுக்கு ஒரு கூகர்காரர் கட்டாயம் இருப்பார். ஐம்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் வயது. வாசலில் கருஞ்சிவப்புக் கொடி, அதில் கூகர் என்கிற மலைச்சிங்கத்தின் முகம். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். என்ன படித்தீர்கள் என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசிப்பார். 1998 ஜனவரி 1-ஆம் தேதி ரோஸ் பௌல் ஆட்டத்தின் கடைசி இரண்டு விநாடியில் என்ன நடந்தது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். 67 வருஷம் காத்திருந்து போன ரோஸ் பௌல் அது. மிச்சிகனிடம் 21-16 என்று தோற்றார்கள். பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தியபோது இரண்டு விநாடி மிச்சம் இருந்தது என்பது இவர் கட்சி. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது என்பது நடுவர்கள் கட்சி. மேல்முறையீடு இவர் வீட்டு கராஜில் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைக்க வேண்டாம். இது ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். அதிலும் கல்லூரிப் பையன்கள் ஆடுவது. பையன்கள்தானே என்று இளக்காரமாகச் சொல்லிவிடக் கூடாது. மிச்சிகனிலும் பென் ஸ்டேட்டிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானங்கள் இருக்கின்றன. நம்மவரின் புல்மன் அந்த வகையறா இல்லை. கிழக்கு வாஷிங்டனின் கோதுமை மேடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். ஊர் ஜனத்தொகையும் மைதானத்து இருக்கைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை: 33 ஆயிரம்.

ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை இவரைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. ஏணி கேட்டால் தருவார், பனி வாரும் மண்வெட்டி கேட்காமலே தருவார். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு டின் கூகர் கோல்ட் கொண்டுவந்து கொடுப்பார். அவர் பல்கலைக்கழகத்துப் பால்பண்ணையிலேயே செய்து டின்னில் அடைக்கிற சீஸ். சீஸை யாராவது டின்னில் அடைப்பார்களா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் 1940-களின் ஆராய்ச்சியிலிருந்து ஆரம்பிப்பார்; அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

செப்டம்பர் பிறந்தால் ஆள் மாறிவிடுவார். ஃபிரிட்ஜ் கதவில் காந்த அட்டை ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். வங்கியோ வீட்டுத் தரகரோ விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுப்பது. பன்னிரண்டு ஆட்டங்கள், தேதி, எதிரணி எல்லாம் அச்சடித்திருக்கும். நேரம் என்ற கட்டத்தில் மட்டும் வரிசையாக ‘பின்னர் அறிவிக்கப்படும்’. அந்தப் பின்னர் எப்போது என்பது டிவிக்காரர்கள் கையில். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் சொல்வார்கள். சில வாரங்களில் ஆறே நாள்தான். கூகர்காரர் மார்க்கர் பேனாவோடு ஃபிரிட்ஜ் முன்னால் நிற்பார்.

நேரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை அந்தச் சாலையில் போய்ப் பார்க்க வேண்டும். சியாட்டிலிலிருந்து புல்மன் ஏறத்தாழ 460 கிலோமீட்டர். பகல் 12:30-க்கு ஆட்டமென்றால் இருட்டோடு கிளம்பி, மைதானத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்துவைத்துச் சுட்டுத் தின்று, ஆட்டம் பார்த்து, ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம். இரவு 7:30 என்றால் முடியவே பதினொன்று ஆகிவிடும். அதற்குப் பிறகு கோல்ஃபாக்ஸ், டஸ்டி, ஒதெல்லோ என்று தெருவிளக்கில்லாத 26-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, கொலம்பியா ஆற்றைத் தாண்டி, ஸ்னோகுவால்மி கணவாயில் ஏறி இறங்கி வீடு வந்தால் பேப்பர்காரன் எதிரே வருவான். ரூம் போடலாமே என்றால் புல்மனில் இருப்பதே சில விடுதிகள். அவை ஒரு வருஷத்துக்கு முன்பே நிரம்பிவிடும். அதனால் எல்லா ஆட்டத்துக்கும் முன்கூட்டியே அறை போட்டு வைத்துவிட்டு, நேரம் தெரிந்ததும் வேண்டாததை ரத்து செய்வது இவர் கண்டுபிடித்த வழி. மற்ற முப்பதாயிரம் பேரும் இதே வழியைக் கண்டுபிடித்ததால்தான் அறை கிடைப்பதில்லை என்பதை இவரிடம் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் பேச்சு இப்படிப் போகும்:

“ஞாயித்துக்கிழமை காலையில எங்க அக்கா வீட்டு விருந்து. வருவீங்களா?”

“நேரம் தெரியட்டும்.”

“ஆட்டம் சனிக்கிழமைதானே?”

“அதான் சொல்றேன். நேரம் தெரியட்டும்.”

எனக்குத் தெரிந்த கூகர்காரர் ஒருவரின் மகள் 2024-இல் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாள். இலையெல்லாம் சிவந்து உதிரும் அக்டோபர்தான் அவள் ஆசை. அக்டோபர் 12, சனிக்கிழமை என்றாள். அப்பா ஃபிரிட்ஜைப் பார்த்தார். “அன்னைக்கு ஃப்ரெஸ்னோல ஆட்டம்மா.” சங்கடம் அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அதாவது ஹஸ்கி. பரம்பரை எதிரி. பையனின் அணிக்கு அதே நாளில் அயோவாவில் ஆட்டம். சரி, ஆட்டமில்லாத ஓய்வு வாரமாகப் பார்க்கலாம் என்று இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் பரப்பினார்கள். கூகர்களுக்கு ஓய்வு அக்டோபர் 5, நவம்பர் 2. ஹஸ்கிகளுக்கு அக்டோபர் 19, நவம்பர் 23. ஒன்றுகூட ஒத்துவரவில்லை. கல்யாணம் அடுத்த ஜூனில், பச்சை இலைகளுக்கு நடுவே, ஜாம்ஜாமென்று நடந்தது. சம்பந்திகள் இருவரும் பகையை மறந்து கட்டிக்கொண்டார்கள். ஜூனில் ஃபுட்பால் கிடையாது.

இந்தக் கூத்துக்கு வித்து 1984-இல் விழுந்தது. அதுவரை எந்தக் கல்லூரி ஆட்டம் எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு தன் பிடியில் வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் பிடியை உடைத்தது. அப்புறம் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டணிகள் டிவி நிறுவனங்களோடு தாங்களே பேரம் பேச ஆரம்பித்தன. பேரத்தில் எண்ணப்படுவது வீட்டு வரவேற்பறைகள். லாஸ் ஏஞ்சலிஸில் அவை நிறைய இருக்கின்றன. புல்மனில் கோதுமைதான் நிறைய இருக்கிறது.

2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய கல்லூரிகளும் மத்திய மேற்கின் பிக் டென் கூட்டணிக்குப் போவதாக அறிவித்தன. 1915-இல் தொடங்கிய மேற்குக் கரைக் கூட்டணியான பேக்-12 ஆட்டம் கண்டது. 2023 ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கூட்டணியைக் காப்பாற்றுவார்கள் என்று காலையில் நம்பிக்கொண்டிருந்தார் கூகர்காரர். சாயங்காலத்துக்குள் ஐந்து கல்லூரிகள் வெளியே போய்விட்டன. அதில் ஒன்று ஹஸ்கி. இலையுதிர்காலம் வருமுன் பன்னிரண்டில் பத்து போய், மிஞ்சியது வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரேகன் ஸ்டேட்டும். பிக் டென் கூட்டணியில் இப்போது 18 அணிகள். பிக் 12-இல் 16. அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். பேக்-12-இல் 2026 வரை இரண்டு. இவையெல்லாம் கணக்குப் பாடம் நடத்துகிற பல்கலைக்கழகங்கள்.

பெட்டி கட்டிய பத்துப் பேரும் கூட்டணியின் பணத்தையும் நிர்வாகத்தையும் பற்றி முடிவெடுக்க எங்களுக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பிகள் பூர்வீக வீட்டுச் சாவி எங்களிடமே இருக்கட்டும் என்று நின்ற மாதிரி. புல்மனுக்குப் பக்கத்து ஊரான கோல்ஃபாக்ஸில் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அதுவரை நீதிமன்றம் என்றால் அதிவேகத்துக்கு அபராதம் கட்டுகிற இடம் என்று மட்டும் அறிந்திருந்த கூகர்காரர், இடைக்கால உத்தரவு, நிர்வாகக் குழு, வாக்குரிமை என்று சட்டம் பேசத் தொடங்கினார். 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்து, பிடி மிஞ்சிய இருவர் கைக்கு வந்தபோது தெருவில் கொடி புதிதாக மாற்றப்பட்டது.

கஜானா வந்தது. எதிரி போய்விட்டானே, அதுதான் வருத்தம். இரண்டு வாஷிங்டன்களும் 1900-த்திலிருந்து மோதி வருகிற ஆட்டத்துக்கு ஆப்பிள் கப் என்று பெயர். வழக்கமாக நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் விடுமுறையை ஒட்டி நடக்கும். வான்கோழி வறுத்த கையோடு மச்சினனைத் திட்டுவதற்கு மாநிலம் முழுக்க அதுவே நாள். 1992-இல் புல்மனில் கொட்டுகிற பனியில் ஹஸ்கிகளை 42-23 என்று சாய்த்ததைச் சொல்லும்போது, கோடையிலும் இவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வார். கூட்டணி உடைந்த பிறகு ஆப்பிள் கப் செப்டம்பருக்குத் தள்ளப்பட்டது. 2024-இல் செப்டம்பர் 14, சியாட்டிலில். கடைசி நிமிஷங்களில் ஹஸ்கிகளைக் கோல் கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் மறித்து, 24-19 என்று கூகர்கள் ஜெயித்தார்கள். இவர் குதித்தார், கத்தினார், முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தார். காருக்கு வந்ததும் முகம் தொங்கிவிட்டது. ஆப்பிள் கப்புக்கு அரைக்கால் சட்டையோடு வந்திருக்கிறோமே என்ற துக்கம்.

போனவர்கள் சுகமாக இருக்கிறார்களா என்றால், மாப்பிள்ளையைக் கேட்க வேண்டும். முதல் வருஷமே ஹஸ்கி அணி நியூ ஜெர்சி, அயோவா, இண்டியானா, பென்சில்வேனியா, ஒரேகன் என்று கூட்டணி ஆட்டங்களுக்குப் பறந்தது. நியூ ஜெர்சி ஆட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி. மாப்பிள்ளை லீவு போட்டு, கண்டத்தின் மறுகோடிக்குப் பறந்து, 21-18 என்ற தோல்வியைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். ஐந்து பயணத்திலும் தோல்விதான். மாமனார் ஒவ்வொரு முறையும் போனில் கூப்பிட்டு, “பயணம் சௌகரியமா இருந்ததா?” என்று மட்டும் விசாரித்தார்.

ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பது மாமனார்தான். அந்த வருஷம் கூகர்கள் 8-1 என்று பறந்துவிட்டு, அடுத்தடுத்து நியூ மெக்சிகோ, ஒரேகன் ஸ்டேட், வயோமிங் என்று தோற்றார்கள். வயோமிங்கிடம் 15-14. டிவியை அணைத்துவிட்டு இவர் வெகுநேரம் சும்மா இருந்தார். வயோமிங்கை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. அந்த ஊர்க்காரன் ஒருவனும் இவர் ஆபீசில் கிடையாது, உறவில் கிடையாது, திங்கட்கிழமை கேலி செய்யவும் ஆளில்லை. ஒருவனை மனதார வெறுக்க நாற்பது ஐம்பது வருஷப் பழக்கமாவது வேண்டும். டிவிக்காரர்கள் வீடுகளை எண்ணினார்கள், வன்மத்தை எண்ண மறந்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். 2025-இல் கூட்டணியில் வேறு ஆள் இல்லாததால் கூகர்களும் ஒரேகன் ஸ்டேட்டும் ஒரே நவம்பரில் இரண்டு முறை மோதிக்கொண்டார்கள். அனாதைகள் இருவர் ஒருவரை ஒருவர் எவ்வளவுதான் அடிப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. பெரிய டிவிகள் கைகழுவிய பிறகு, 2024-இல் கூகர்களின் உள்ளூர் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு சீசன் தொடங்க மாதக்கணக்கில் இருக்கும்போதே நேரம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எதற்காக டிவிக்காரர்களைச் சபித்தாரோ அது கைக்கு வந்துவிட்டது. விடுதி எடுக்கலாம், விருந்துக்கு வாக்குக் கொடுக்கலாம். மனைவிக்குப் பரம சந்தோஷம். இவர் மட்டும் ஃபிரிட்ஜ் அட்டையைத் தடவிப் பார்த்தார். “நம்ம ஆட்டத்தை இப்ப எவனும் சீந்தறதில்ல போல” என்றார்.

பணத்துக்காகக் கூட்டணியை உடைத்தார்கள் என்று திட்டுகிற இவர், ஆட்டம் எந்தச் சானலில் வருமோ என்று நான்கு இணையச் சேவைகளுக்கு மாதச் சந்தா கட்டுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணம் எங்கே போகிறது என்று ஒருநாள் மகள் விளக்கினாள். கேட்டுக்கொண்டார். ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார்.

இவர் இனத்தைச் சேர்ந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் ‘காலேஜ் கேம்டே’ நிகழ்ச்சி ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறு வேறு ஊரிலிருந்து வரும். 2003 அக்டோபரில் டெக்சாஸின் ஆஸ்டினில் ஒரு பழைய மாணவர் கூட்டத்துக்குள் நின்று கூகர் கொடியை ஆட்டினார். அந்த மாதத்திலிருந்து நிகழ்ச்சி எந்த ஊருக்குப் போனாலும், ஆடுவது எவராக இருந்தாலும், அந்தக் கொடி பார்சலில் போய்ச் சேர்ந்து கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கிறது. நிகழ்ச்சி புல்மனுக்கே வந்தது பதினைந்து வருஷம் கழித்து, 2018 அக்டோபர் 20-இல். அன்று ஒரேகனை 34-20 என்று ஜெயித்தார்கள். அந்த விடியற்காலைக் குளிரில் கையில் கம்பத்தோடு நின்றவர்களில் நம்மவரும் ஒருவர்.

2026 முதல் பேக்-12-க்குப் புதிய சொந்தங்கள்: பாய்ஸி, சான் டியேகோ, ஃப்ரெஸ்னோ, கொலராடோ, யூட்டா, டெக்சாஸ் என்று எல்லாம் ‘ஸ்டேட்’ வைத்த பெயர்கள். கொன்ஸாகாவும் உண்டு, அந்தக் கல்லூரிக்கு ஃபுட்பால் அணியே கிடையாது. பாய்ஸிக்குக் காரிலேயே போய்விடலாம், நாலு வருஷத்தில் நல்ல பகையாக வளர்ந்துவிடும் என்று கூகர்காரர் கணக்குப் போட்டிருக்கிறார். சீசன் டிக்கெட் புதுப்பித்தாயிற்று.

ஆகையால் பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நவராத்திரி கொலுவுக்கு இவரைக் கூப்பிடுவதென்றால் சனிக்கிழமை வேண்டாம். வெள்ளியும் உத்தரவாதம் இல்லை. இப்போது அன்றைக்கும் ஆட்டம் வைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்கள். சுண்டல் சாப்பிட நிச்சயம் வருவார், கையில் ஒரு டின் சீஸோடு.